நாலு நாற்காலிப் படகு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். பல் விளக்கும்போது நான் எடுக்கும் முடிவுகள் எல்லாம் பயங்கரமாக இருக்கும். வாய் கொப்பளித்ததும் சரியாகிவிடும். அன்றைக்கு மூன்று முறை கொப்பளித்தும் சரியாகவில்லை.

திருவெண்ணெய்நல்லூர் என் மாமியார் ஊர். திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, அங்கே ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்று, அடுத்த பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துப் போகவேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. பெருக்கிப் பார்த்தால் எனக்கே என்மேல் பரிதாபம் வருகிறது.

மாமியார் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. போனதும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு மச்சான்கள், அவர்களுடைய மனைவிமார், ஐந்து பிள்ளைகள், எல்லாரும் வரிசையாக வந்து "வாங்க" என்பார்கள். என் மனைவி கிருஷ்ணவேணி செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்பங்கரைக்குள் போனால் கடைசி பஸ்ஸுக்குத்தான் வெளியே வருவாள். என் பெண்கள் இரண்டும் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிவிடும். நான் நாற்காலிக்குத் துணையாக இருப்பேன்.

மற்ற நாட்களில் மட்டும் என்ன வாழ்கிறது? எனக்குத் திண்டிவனத்தில் சொந்தமாக ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச் வந்துவிடும். கடைசி பேட்ச் போகும்போது என் பிள்ளைகள் தூங்கியிருக்கும். "உப்பு போதுமா?" என்று அவள் கேட்பாள். "போதும்" என்று நான் சொல்வேன். இதுதான் எங்கள் தாம்பத்தியம்.

கல்யாணமான முதல் மாதம் அவளைப் பாண்டிச்சேரி கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். தூரத்தில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. "ஏங்க, ஒரு நாளு நாம மட்டும் இது மாதிரி போலாங்களா?" என்று கேட்டாள். "ஆகட்டும்" என்றேன். ஆகவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த 'ஆகட்டும்' என் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

அதை எடுக்க வந்தவர்தான் கோட்டக்குப்பம் அக்பர் அலி. என்னிடம் டைப் கற்றுக்கொள்ள வந்து, ஒற்றை விரலுக்கு மேல் முன்னேறாமல், துபாய்க்குப் போனவர். அவர் விசாவுக்கான கடிதங்கள் எல்லாம் நான் பத்து விரலால் அடித்தவை. அந்த நன்றி அவருக்கு உண்டு. எண்பத்தாறில் ஊர் திரும்பியவர், துபாயில் வெள்ளிக்கிழமையானால் குடும்பம் குடும்பமாகத் தட்டைப் படகில் நாற்காலி போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லி, அதே மாதிரி இரண்டு செய்து மரக்காணம் உப்பங்கழியில் விட்டார். விட்ட மாதமே துபாய் முதலாளி தந்தி அடித்துவிட்டான்.

"மாஸ்டர், பெரிய பேஜாராப் பூட்ச்சு. ரெண்டு வருசம் கழிச்சிதான் வருவேன். ரெண்டு போட்டுல ஒண்ண நீங்க வச்சிக்கங்க."

"நானா? நான் இன்னா பண்ணுவேன் பாய்?"

"ஞாயித்துக்கெழம வூட்ல இருக்கறவங்கள ஏத்திக்கினு ஜாலியா சுத்துங்க. சும்மா கெடந்தா கெட்டுப்பூடும். இன்னொண்ண எம் மச்சான் அமீருதீன் பாத்துக்குவான். எது வேணும்னு மட்டும் ஜல்தியா சொல்லிடுங்க. வர்ற வெள்ளிக்கெழம எனக்கு ஃப்ளைட்டு."

குடும்பத்தோடு மரக்காணம் போய் இரண்டையும் பார்த்தோம்.

சின்னது ஃபைபர். நீலமும் வெள்ளையுமாகப் பளபளவென்று இருந்தது. பின்னால் குட்டி எஞ்சின். நடுவில் தட்டையான மேடை. மேடையில் நாலு நாற்காலி, அசையாமல் திருகு போட்டு இறுக்கியது. "அஞ்சாவது ஆளு ஏறுனா போட்டு ஒத்துக்காது மாஸ்டர்" என்றார் அக்பர் அலி. அந்த ஒரு வார்த்தை என் காதில் தேனாகப் பாய்ந்தது. நாலு பேர். நான், அவள், இரண்டு பெண்கள். ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படகே சொல்லிவிடும்!

பெரியது வேறு ஜாதி. காலி டிரம்களை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்து, சுற்றிலும் கம்பி வைத்து, கூரைக்குக் கீற்று வேய்ந்திருந்தார். மூங்கில் கழியால் தள்ளவேண்டும். கல்யாணப் பந்தல் ஒன்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து நிற்பது மாதிரி இருந்தது.

கிருஷ்ணவேணி எவர்சில்வர் குடம் வாங்குகிறவளைப் போல டிரம்களை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல எத்தினி பேரு போலாம்?"

"பன்னண்டு பேரு தாராளமா போலாம் தங்கச்சி."

"ஸ்டவ் வச்சிக்க எடம் இருக்குதா?"

"ஆட்டுக்கல்லு கூட வச்சிக்கலாம்."

அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "பெரியண்ணன் வூட்ல அஞ்சு. சின்னண்ணன் வூட்ல நாலு. ஒம்போது. நானு, பசங்க ரெண்டு. பன்னண்டு! கரெக்ட்டா போச்சு பாருங்க."

கணக்கு சரியாக இருந்ததில் எனக்கும் ஒரு திருப்தி. அதில் நான் இல்லை என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

"எதுக்கும் சின்னதுல ஏறிப் பாரு" என்றேன். ஏறினாள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "ஐயய்யோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுட்றாதீங்க, வுட்றாதீங்க!" நான் எங்கே விட்டேன்? கல்யாணத்தில் ஐயர் சொல்லிப் பிடித்த பிறகு, யாரும் சொல்லாமல் அந்தக் கை என் கைக்கு வந்தது அன்றைக்குத்தான். படகு நேராகி ரொம்ப நேரம் கழித்துத்தான் விட்டாள். எனக்கு அந்தச் சின்னப் படகுதான் வேண்டும் என்று அப்போதே தீர்ந்துபோயிற்று.

இதை நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். 'வேணி, உன்னோட தனியா போகணும்னு ஆசையா இருக்குது' என்று ஒரே ஒரு வரி. ஒரு நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற எனக்கு அந்த ஆறு வார்த்தை வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாகப் படகின் குணநலன்களைப் பற்றிப் பேசினேன்.

"சின்னதுல எஞ்சின் இருக்குது. சர்ருனு போவும்."

"எங்க போவும்? அந்தாண்ட கர வரிக்கும் போயி இந்தாண்ட வரணும். அதுக்கு இன்னாத்துக்கு சர்ருனு?"

"பெருசுல கழி போட்டுத் தள்ளணும். யாரு தள்றது?"

"எங்க முருகையண்ணன் தள்ளும். அது ஏத்தம் எறச்ச ஒடம்பு."

"படகுன்னா ஒரு லட்சணம் வேணாமா?"

"உங்கள கட்டிக்கினப்போ நான் லட்சணமா பாத்தேன்?"

இப்படி மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் காலை அவளே ஒரு வழி சொன்னாள்.

"ஏங்க, நமக்குள்ள இன்னாத்துக்கு சண்ட? கோயில்ல பூ போட்டுக் கேட்ருவோம். சாமி எத குடுக்குதோ அத எடுத்துப்போம்."

எங்கள் குலதெய்வம் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அம்மன். கிணறு வெட்டுவதா, மாடு வாங்குவதா, பெண் எடுப்பதா, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அங்கே போய்ப் பூ போட்டுத்தான் கேட்போம். பூவரச இலையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெளியே பார்த்தால் எது எது என்று தெரியாது. அம்மன் காலடியில் வைத்து, சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூதான் உத்தரவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"வெள்ளன்னா உங்க சின்னப் படகு. செவப்புன்னா பெருசு. சரியா?" என்றாள்.

"சரி. பூவ யாரு கட்றது?"

"நீங்கதான். வூட்டுக்குப் பெரியவரு நீங்கதான?"

பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னைப் பெரியவர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்தது. அதோடு ஒரு பழைய யோசனையும் நிமிர்ந்தது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். எனக்குக் கிருஷ்ணவேணியைப் பேசியபோதும் அதே கோயிலில்தான் பூ போட்டார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டு குடும்பமும் வந்திருந்தது. என் அப்பாவுக்குக் கை நடுக்கம். பொட்டலத்தை என்னிடம் கட்டச் சொன்னார். அதற்குச் சற்று முன்னால்தான் கிணற்றடியில் அவளைப் பார்த்திருந்தேன். கால் கழுவிக்கொண்டே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வந்துவிட்டால் அந்தச் சிரிப்பு வேறு யாருடைய வீட்டுக்கோ போய்விடும். வேப்ப மரத்துக்குப் பின்னால் போனேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்துக் கட்டினேன். சிவப்புப் பூவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். அது மோசடி இல்லை. அம்மனுக்கு வேலையைக் குறைத்தேன், அவ்வளவுதான்.

ஒரு தடவை பலித்த வித்தை இரண்டாம் தடவை பலிக்காமலா போகும்?

அடுத்த நாள் விடிந்ததும் தோட்டத்துப் பக்கம் போனேன். நந்தியாவட்டை இரண்டு பறித்தேன். செம்பருத்திச் செடி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இலையில் மடித்து, நூல் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கிருஷ்ணவேணி துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மனசுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கோயிலில் பூசாரி விருத்தாசலம் பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். சூடம் காட்டினார். என் சின்னப் பெண்ணை முன்னால் நிறுத்தினார். ஆறு வயசு. எதை எடுத்தாலும் அப்பாவுக்கு வெற்றி என்று தெரியாத குழந்தை.

"பூசாரி, ஒரு நிமிசம்" என்றாள் கிருஷ்ணவேணி. "உத்தரவ சத்தமா சொல்லிட்டுத்தான எடுக்கணும்? வெள்ளன்னா பெரிய படகு. செவப்புன்னா சின்னப் படகு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னா வேணி, மாத்தற? வெள்ளன்னா சின்னதுன்னுதான பேசிக்கினு வந்தோம்?"

"யோசிச்சுப் பாத்தேங்க. அம்மனுக்கு உகந்தது செவப்பு. உங்க ஆசைதான எனக்கு முக்கியம்? அதனால செவப்ப உங்களுக்கு வுட்டுக்குடுத்துட்டேன்."

"வேணாம் வேணாம். எனக்கு வெள்ளையே போதும்."

"எதா இருந்தா இன்னாங்க? ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. எடுக்கறது கொழந்த, குடுக்கறது சாமி. நடுவுல உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

"கஷ்டம்னு இல்ல..."

"அப்போ ஏன் வேர்க்குது?"

விருத்தாசலம் எனக்குச் சமாதானம் சொன்னார். "அம்மா சொல்றது சரிதானுங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒண்ணுதான். எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது பாவம் அவருக்கே தெரியாது.

கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். "நூலு கொஞ்சம் லூசா இருக்குது பூசாரி. குடுங்க, வெளிய போயி இறுக்கிக் கட்டிக்கினு வந்துர்றேன்."

"காலடியில வச்சத எடுக்கக் கூடாதுங்க."

என் பெண் விரலை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். இடது பக்கம் கை போகும். வலது பக்கம் வரும். மறுபடி இடது. கூட நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். உலகத்திலேயே பார்க்க அவசியமில்லாத ஒரு காட்சியை அவ்வளவு ஆவலாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான். எடுத்தாள். பிரித்தார். வெள்ளை.

"பெரிய படகு! அம்மன் உத்தரவு!" என்றார் விருத்தாசலம். அதோடு விடாமல், "இத்தயும் பிரிச்சிப் பாத்துருவோம்" என்று மற்றொரு பொட்டலத்தின் மேல் கை வைத்தார். ஊரறியத் திருடனாகப் போகிறேன் என்று நினைத்தேன்.

"அத பிரிக்காதீங்க பூசாரி" என்றாள் கிருஷ்ணவேணி. "எங்கிட்ட குடுங்க." வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். பிள்ளைகள் கடலை மிட்டாய்க் கடைப் பக்கம் போனதும், அவள் இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நந்தியாவட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"செம்பருத்திச் செடியில காலைல மூணு பூவு இருந்துச்சு" என்றாள். "நீங்க கட்டிட்டு வந்தப்புறமும் மூணு இருந்துச்சு."

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன். பஸ் என்னைக் காப்பாற்ற வரவில்லை.

"எங்கம்மா வந்துருவாங்கன்னுதான அந்த நாலு சீட்டு?"

"அப்பிடிலாம் இல்ல..."

"எங்கம்மாவுக்குத் தண்ணின்னாலே ஆவாது. பெண்ணையாத்து வெள்ளத்துல ஒரு தடவ மாட்டிக்கினாங்க. அதுலேர்ந்து முட்டிக்கால் தண்ணியில எறங்க மாட்டாங்க. படகுன்னு சொன்னாலே கர ஏறி நிப்பாங்க."

"அப்போ நீ எதுக்கு பெருசு வேணும்னு சண்ட போட்ட?"

"நீங்க வாயத் தொறந்து, உன்னோட தனியா போவணும்னு சொல்றீங்களான்னு பாத்தேன். பாண்டிச்சேரில நான் கேட்டது ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"எனக்கும் இருக்குது. நீங்க ஒழுங்கா ஒரு வெள்ள, ஒரு செவப்பு வச்சிருந்தீங்கன்னா, எந்தப் பூவு வந்தாலும் சின்னதே போதும்னு நானே சொல்லலாம்னு இருந்தேன்."

"இப்போ சொன்னா இன்னா வேணி?"

"சாமி உத்தரவு குடுத்தப்புறமா?" என்றாள்.

பஸ் வந்தது. அவள் பிள்ளைகளோடு லேடீஸ் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வெள்ளைப் பூ திண்டிவனம் வரைக்கும் என் கண் முன்னால் ஆடிக்கொண்டே வந்தது. ஒரே ஒரு செம்பருத்தி பறிக்கச் சோம்பல்பட்டவன் மாதிரி இருந்தது எனக்கு. ஒரே ஒரு வரி சொல்லச் சோம்பல்பட்டது அதைவிட மோசம்.

ஆனாலும் என் சபதம் நிறைவேறாமல் போகவில்லை. நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திருவெண்ணெய்நல்லூர் போவதில்லை. சனிக்கிழமை சாயங்காலமே திருவெண்ணெய்நல்லூர் திண்டிவனத்துக்கு வந்துவிடுகிறது. பெரிய மச்சான் முருகையன் கேழ்வரகு மாவு மூட்டையோடு வருகிறார். சின்ன மச்சான் பெரியதம்பி உயிரோடு இரண்டு கோழி கொண்டுவருகிறார். ஞாயிறு காலை எல்லாருமாக மரக்காணம் பஸ் ஏறுகிறோம். கண்டக்டர் என்னைப் பார்த்து, "கல்யாணமா சார்?" என்கிறார்.

முதல் ஞாயிறு எல்லாரும் ஏறி முடித்த பிறகு நான் கால் வைத்தேன்.

"பதிமூணாவது ஆளு ஏறக்கூடாதுன்னு பாய் சொல்லிருக்காரு மாமா" என்றான் பெரியதம்பியின் மூத்தவன்.

அப்போதுதான் அந்தப் பழைய கணக்கு என் மூளைக்கு எட்டியது. கிருஷ்ணவேணி பலகை மேலிருந்து குரல் கொடுத்தாள். "நீங்க கரையிலயே இருங்க. எங்கம்மாவ எப்பிடி தனியா வுட்டுட்டுப் போறது?"

ஆகவே, ஒவ்வொரு ஞாயிறும் படகு உப்பங்கழியில் ஆடி அசைந்து போகும். நானும் என் மாமியார் வெள்ளையம்மாளும் கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். நடுவில் ஒரு முறம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. தூரத்தில் அமீருதீன் தன் மனைவி மக்களோடு நீலப் படகில் சர்ரென்று போவான். எனக்குக் கையாட்டுவான். நானும் ஆட்டுவேன். எனக்கும் ஒரு கை இருக்கிறதே.

போன ஞாயிறு மாமியார் உரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் மாப்ள, கோயில்ல இந்த தடவயும் ரெண்டுத்துலயும் வெள்ளையே வச்சிட்டீங்களாமே?"

இந்தத் தடவையும். எனக்குப் பகீரென்றது. "இந்த தடவயும்னா... இன்னா அத்த சொல்றீங்க?"

"அதான், கல்யாணத்துக்குப் பூ போட்டப்போ வேப்ப மரத்தாண்ட வச்சிக் கட்னீங்களே. செவப்புப் பூவு வேட்டியிலேர்ந்து எட்டிப் பாத்துக்கினு இருந்துச்சே."

"அத்த... பாத்துட்டீங்களா? அப்போ ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"நான் எங்க பாத்தேன்? கெணத்தாண்டயிருந்து வேணிதான் பாத்தா. ஓடியாந்து எங்காதுல, 'எம்மா, அவுரு ரெண்டுத்துலயும் வெள்ளதான் வக்கிறாரு, நீ ஒண்ணும் சொல்லிடாத, எனக்கு அவுரதான் புடிச்சிருக்குது'ன்னா. நானும் இவ்ளோ ஆச இருக்குதேன்னு வாயத் தொறக்கல."

படகு நடுக்கழியில் நின்றிருந்தது. கிருஷ்ணவேணி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் பார்த்த அதே சிரிப்பு. பன்னிரண்டு வருஷம் தெரிந்தே வைத்திருந்திருக்கிறாள். தெரிந்துதான் பூக் கட்டும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணோடு ஒரு தடவை தனியாகப் படகில் போகக் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே ஒரு மல்லாட்டையை உரித்தேன்.

"பாத்து மாப்ள" என்றார் மாமியார். "பருப்ப கீழ போட்டுட்டு தோல மென்னுக்கினு இருக்கீங்க."